கல்யாணத்துக்காகவே கட்டின வீடு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு மண்டபம் தேடின கதையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

என் தங்கச்சிக்கு நிச்சயம் ஆன மறுநாள் காலையில எனக்கு ஒரு ரீல் அனுப்பினா. வரிசையா கருந்தேக்குத் தூண். நடுவுல வெயில் விழுற முற்றம். கலர் கலரா தரை. அதுல ஒரு கல்யாணப் பொண்ணு மெதுவா நடந்து வர்றாங்க, பின்னாடி வயலின். கீழே தங்கச்சியோட மெசேஜ்: "அண்ணா, நம்ம கல்யாணத்த இங்க வச்சுக்கலாமா? நம்ம மாவட்டம்தான்!"

அவ சொன்னது சரிதான். எங்க ஊர் விராலிமலை. திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில போறவங்களுக்கு மலை மேல முருகனும் ரோட்டோரம் மயிலுமா தெரிஞ்ச ஊர். அந்த ரீல் எடுத்த இடம் திருமயம் தாண்டி கடியாபட்டிப் பக்கம். ரெண்டுமே புதுக்கோட்டை மாவட்டம். ஆனா இருபத்தெட்டு வருஷத்துல நான் அந்தப் பக்கம் போனதே இல்ல.

வீட்டுல போனைக் காட்டினேன். அம்மா பார்த்துட்டு, "அங்கயா? வேணாம்"னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. காரணம் சொல்லல. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மாச்சி போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இது ஆச்சி வீடுல்ல? சின்னப் புள்ளையில எங்காத்தாவோட கல்யாண வேலைக்குப் போயிருக்கேன்டா. போயிப் பாத்துட்டு வருவமே."

அம்மாச்சிக்கு எண்பது தாண்டியாச்சு. அவங்க பொறந்த ஊர் திருமயம் பக்கத்துல ஒரு கிராமம். கல்யாணம் பண்ணித்தான் விராலிமலைக்கு வந்தாங்க. இந்த வேலைக்குப் போன கதையை எனக்கு அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை, நானும் தங்கச்சியும் அம்மாச்சியும் கார்ல கிளம்பினோம். இலுப்பூர், அன்னவாசல், புதுக்கோட்டை, அப்புறம் ரோட்டுலேர்ந்தே தெரியுற திருமயம் கோட்டை. இன்னைக்கு எபிசோட் அந்தப் பயணத்தைப் பத்தியும், அந்த மாதிரி வீடுகளைப் பத்தியும்தான். எந்த வீட்டுக்குப் போனோம்னு பேர் சொல்லப் போறதில்ல. அந்த வட்டாரத்துல பல வீடுகளுக்கும் பொருந்துற கதை இது.

முதல்ல ஒரு தப்பான எண்ணம்

கிளம்புறப்போ என் மனசுல இருந்த கதை இதுதான். ஒரு காலத்துல பெரிய குடும்பம் வாழ்ந்த வீடு. காலம் மாறிப் போச்சு, வசதி போச்சு. இப்ப வேற வழியில்லாம கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுறாங்க. பாவம்.

உலகத்துல பல இடத்துல கதை அப்படித்தான். உதய்ப்பூர் ஏரி நடுவுல இருக்கிற அரண்மனை 1963-லேயே ஹோட்டலாச்சு. 1971-ல மன்னர் மானியம் ரத்தானதும் இன்னும் பல அரண்மனைகளுக்கு அதே வழிதான். இங்கிலாந்துல பெரிய பண்ணை மாளிகைகளைப் பராமரிக்க முடியாம இருபதாம் நூற்றாண்டுல நூத்துக்கணக்குல இடிச்சாங்க. அங்க 1994-ல ஒரு கல்யாணச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் சர்ச்சு மாதிரி வழிபாட்டு இடத்துலயோ பதிவு அலுவலகத்துலயோதான் கல்யாணம் பண்ண முடியும். 1995-லேர்ந்து அனுமதி வாங்கின கட்டடங்கள்லயும் பண்ணலாம்னு ஆச்சு. மிச்சமிருந்த மாளிகைகள்ல பலதுக்கு அதுதான் புது வருமானம்.

ஆனா செட்டிநாட்டு வீடுகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. கல்யாணம் நடத்துறதுக்குன்னே பிளான் போட்டுக் கட்டின வீடுகள் அவை. குடியிருக்கிறது அதுக்கு அடுத்த வேலை.

வீட்டோட பிளான்

நகரத்தார் அல்லது நாட்டுக்கோட்டைச் செட்டியார்ங்கிற வணிகச் சமூகத்தோட ஊர்கள் இன்னைக்கு சிவகங்கை, புதுக்கோட்டைனு ரெண்டு மாவட்டத்துல பரவிக் கிடக்கு. மொத்தம் 96 ஊர்னு அவங்க வழக்குல சொல்வாங்க. இப்ப இருக்கிறது எழுபத்துச் சொச்சம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனா புதுக்கோட்டைப் பக்கமும் ராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரின்னு பெரிய வரிசையே இருக்கு.

வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. உள்ளே போனா முதல்ல திண்ணை, முகப்பு. ஆம்பளைங்க உட்கார்ந்து பேசுற இடம், கணக்கு வழக்குப் பார்க்குற இடம். அதைத் தாண்டினா வளவு, அதாவது வானம் பார்த்த முற்றம். அதைச் சுத்தித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையா சின்னச் சின்ன அறைகள். அப்புறம் இரண்டாம் கட்டு, பந்தி போடுற இடம். மூன்றாம் கட்டு, அடுப்படியும் கிணறும். கடைசியில பின்வாசல். பல வீடுகள்ல இந்த வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கும். எல்லாக் கதவையும் திறந்து வச்சா முன்தெருவுல நின்னுகிட்டே பின்தெருவைப் பார்க்கலாம். இந்த நேர்கோட்டை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

வளவைச் சுத்தி இருக்கிற அந்தச் சின்ன அறைகள்லதான் விஷயம் இருக்கு. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. நகரத்தார் கணக்குல கல்யாணம் ஆன ஒரு ஜோடியை ஒரு 'புள்ளி'னு சொல்வாங்க. கோவிலுக்கு வரி குடுக்கிறதும் புள்ளிக் கணக்குலதான். தனி ஆளா இருக்கிற வரைக்கும் கணக்குல தனி இடம் கிடையாது. கல்யாணம் ஆனாத்தான் புள்ளி, புள்ளி ஆனாத்தான் அறை.

அந்த அறையும் நம்ம பெட்ரூம் மாதிரி இல்ல. ராத்திரித் தூக்கத்துக்கும், பொண்ணு கொண்டு வந்த சாமான்களைப் பூட்டி வைக்கவும்தான். பகல் வாழ்க்கை முழுக்கத் தாழ்வாரத்துல. இன்னொரு ஆச்சரியம், 'வேறு வைக்கிறது'னு ஒரு பழக்கம். கல்யாணம் ஆன கொஞ்ச நாள்ல புது ஜோடிக்கு அதே வீட்டுக்குள்ள தனி அடுப்பு, தனிச் சமையல், தனிக் கணக்கு. கூரை ஒண்ணு, அடுப்பு பல. நம்ம ஆளுங்க பாஷையில சொன்னா, ஒரே சர்வர்ல பல பேருக்குத் தனித்தனி அக்கவுன்ட்.

முகப்பு, கல்யாணக் கொட்டகை, பந்திக்கூடம் எல்லாம் சேர்ந்தா நூத்துக்கணக்கான பேர் ஒரே நேரத்துல இருக்கலாம். தினசரி அங்க இருந்தது எத்தனை பேர்? சில பெண்கள், வயசானவங்க, குழந்தைங்க. சம்பாதிக்கிற ஆம்பளைங்க ரங்கூன்ல, பினாங்குல, சிங்கப்பூர்ல, கொழும்புல, சைகோன்ல. சிஸ்டம் டிசைன் பண்ற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, தினசரி டிராஃபிக்குக்காக இவ்வளவு பெருசா யாரும் கட்ட மாட்டாங்க. இது உச்ச நாளுக்காகக் கட்டினது. அந்த உச்ச நாள் கல்யாணம். அதுக்கு அடுத்து சாந்தி, படைப்பு மாதிரி விசேஷங்கள்.

கல்யாண நாள்ல வீடு என்ன பண்ணும்?

இன்னைக்கு நாம ஒரு கல்யாணத்துக்கு மண்டபம், ஸ்டேஜ், கேட்டரிங், கிஃப்ட் கவுன்டர்னு தனித்தனியா புக் பண்றோம். அந்த வீட்டுக்குள்ளேயே இது எல்லாத்துக்கும் இடம் இருந்துச்சு.

சடங்குகள் பொண்ணு வீட்டுலயும் மாப்பிள்ளை வீட்டுலயும் மாறி மாறி நடக்கும். அதனால ரெண்டு பக்கமும் பெரிய வீடு வேணும். தாலியா கட்டுறது 'கழுத்துரு'ங்கிற கனமான தங்க ஆரம். கட்டுற சடங்குக்குப் பேரு திருப்பூட்டுதல். 'இசைகுடிமானம்'னு ஒரு பத்திரம் எழுதுவாங்க, ரெண்டு குடும்பமும் இந்தக் கல்யாணத்துக்கு இசைஞ்சதுக்கான எழுத்து. அரசாங்கப் பதிவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இவங்க கல்யாணத்தைக் காகிதத்துல போட்டிருக்காங்க. கணக்கு எழுதுற சமூகம், கல்யாணத்தையும் எழுதிருச்சு.

அப்புறம் சாமான் பரப்புறது. பொண்ணுக்குக் குடுக்கிற பித்தளை, வெள்ளி, எனாமல், மரச் சாமான் எல்லாத்தையும் வந்தவங்க பார்க்கிற மாதிரி வரிசையா அடுக்கி வைப்பாங்க. கூடத்தோட அகலத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த முகப்புகள் வந்தவங்களுக்குக் காட்டத்தான். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூ ஓடு, இங்கிலாந்து இரும்பு உத்தரம். நம்மூர்ச் சரக்கும் குறைவில்ல. ஆத்தங்குடியில கண்ணாடித் தகட்டு மேல கலர் சிமென்ட் ஊத்திக் கையால செஞ்ச தரைக்கல். சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைச்சு, தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தின சுவர். நூறு வருஷம் கழிச்சும் கை வச்சா ஜில்லுனு இருக்கு. நான் வச்சுப் பார்த்தேன்.

எங்க ஊர் எங்க வருது?

கல்யாணம்னா மேளம். அந்தக் காலத்துல ரெண்டு மேளம். நாகஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். சதிராட்டம் சின்ன மேளம். பணக்கார வீட்டுக் கல்யாணத்துல சின்ன மேளம் வைக்கிறது பெருமையான விஷயம். கூடத்துல ஜமக்காளம் விரிச்சு, விருந்தாளிகள் நடுவுல, கோவிலோட சம்பந்தப்பட்ட நடனப் பெண்கள் ஆடுவாங்க. இன்னைக்கு நாம சங்கீத் நைட்டுக்கு ஆள் கூப்பிடுறோமே, அதுக்கு முன்னாடியே.

எங்க விராலிமலை சதிருக்குப் பேர் போன ஊர். முருகன் கோவிலுக்கு 32 பெண்கள் பொட்டுக்கட்டப்பட்டு இருந்தாங்க. அந்தக் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஆர். முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்தச் செய்தி வந்த அன்னைக்குத்தான், எங்க ஊர் மலைப்படிக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறதே எனக்குத் தெரிஞ்சுது. அதே படியில நான் செல்ஃபி எடுத்திருக்கேன்.

பொட்டுக்கட்டுறதைத் தடுக்கிற சட்டம் மெட்ராஸ் மாகாணத்துல 1947-ல வந்துச்சு. புதுக்கோட்டை அப்போ தொண்டைமான் ராஜாவோட தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சுல இந்தியாவோட இணைஞ்சுது. அந்தச் சட்டத்துக்காகப் பல வருஷம் போராடின டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொறந்ததும் புதுக்கோட்டைதான். அவங்க அம்மாவே அந்த மரபுல வந்தவங்க. சின்னப் பிள்ளைகளை நேர்ந்து விடுற பழக்கம் போனது நல்லது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஆடிக்கிட்டு இருந்தவங்களுக்குக் கோவில் வேலையும் போச்சு, கல்யாண வீட்டு அழைப்பும் போச்சு. அதே ஆட்டம் பரதநாட்டியமா சென்னை மேடைக்குப் போச்சு, அதை ஆடின இந்தப் பெண்கள்ல பெரும்பாலானவங்க கூடப் போகல.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்த வீட்டுக் கூடம் ஒரு குடும்பத்தோட சொத்து மட்டும் இல்ல. சுத்துப்பட்டு ஊர்ல இருந்த ஆட்டக்காரங்க, மேளக்காரங்க, சமையல்காரங்க, கொத்தனார், தச்சர், பூக்கட்டுறவங்க, பாத்திரம் விளக்குறவங்க எல்லாருக்கும் அதுல பொழப்பு இருந்துச்சு. ஒவ்வொருத்தரும் வர்ற வாசல்தான் வேற.

பணம் எங்கேர்ந்து வந்துச்சு, எங்க போச்சு?

இவ்வளவு பெரிய வீடுகள் இந்த வறண்ட மண்ணுல எப்படி வந்துச்சு? பதில், பர்மா.

1852 போருக்கு அப்புறம் கீழ்ப் பர்மா பிரிட்டிஷ் கைக்கு வந்துச்சு. ஐராவதி டெல்டாவுல காட்டை அழிச்சு நெல் போட ஆரம்பிச்சாங்க. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாச் சந்தை கிட்ட வந்துச்சு. நிலத்தைத் திருத்துற விவசாயிக்குக் கடன் வேணும். பெரிய பிரிட்டிஷ் வங்கிகள் அவனுக்கு நேரடியாக் கடன் குடுக்காது. அந்த இடைவெளியில போய் உட்கார்ந்தவங்க செட்டியார்கள். முதலாளி ஊர்ல இருப்பார். சம்பளத்துக்குப் போற ஏஜென்ட் மூணு வருஷம் போல அங்க கடையைப் பார்த்துட்டு, கணக்கு முடிச்சுத் திரும்புவார். அந்த வட்டிப் பணம்தான் தேக்காவும் கண்ணாடியாவும் கப்பல்ல வந்துச்சு.

1930-கள்ல உலகப் பொருளாதார மந்தம் வந்தப்போ நெல் விலை சரிஞ்சுது. கடன் வாங்கின பர்மிய விவசாயியால திருப்பிக் கட்ட முடியல. அடமான நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துச்சு. கீழ்ப் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல 6 சதவீதமா இருந்த அவங்க நிலம், 1937 வாக்குல 25 சதவீதம். பார்க்க லாபம் மாதிரி இருக்கும், உண்மையில மாட்டிக்கிட்டது. அவங்களுக்கு வேண்டியது ரொக்கம், கைக்கு வந்தது விக்க முடியாத வயல். அதே சமயம் சொந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயியோட கோபமும் சேர்ந்துச்சு. அந்தக் கோபத்துல நியாயம் இல்லைன்னு என்னால சொல்ல முடியல. கடியாபட்டித் தூணைப் பார்த்து வாயைப் பிளக்குறப்போ, டெல்டாவுல நிலம் போன ஒருத்தனையும் நினைச்சுக்கணும்.

1942 மார்ச்சுல ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சுது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் காடும் மலையுமா நடந்தே இந்தியா வந்தாங்க. போர் முடிஞ்சு கொஞ்ச பேர் திரும்பிப் போனாங்க. 1948-ல பர்மா விடுதலை ஆன கையோட நிலத்தை நாட்டுடைமை ஆக்குற சட்டம். 1962-ல ராணுவ ஆட்சி, அடுத்த ரெண்டு வருஷத்துல வங்கியும் கடையும் அரசாங்கத்துக்கு.

பணம் வர்ற குழாய் அடைபட்டுச்சு. வெளிநாட்டுச் சம்பாத்தியத்துல நடந்த அந்தப் பெரிய கல்யாணங்கள் சுருங்கிச்சு. குடும்பங்கள் சென்னை, மதுரை, கோயமுத்தூர், அமெரிக்கான்னு போயிருச்சு. கல்யாணமும் அந்தந்த ஊர் மண்டபத்துக்குப் போயிருச்சு. உச்ச நாளுக்காகக் கட்டின வீட்டுக்கு உச்ச நாளே இல்லாமப் போச்சு.

64 அட்மின்கள்

அப்போ வித்துட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அங்கதான் அந்தச் சின்ன அறைகள் திரும்ப வருது.

வீடு ஒருத்தர் சொத்து இல்ல, புள்ளிகளோட பொதுச் சொத்து. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டினவருக்கு நாலு மகன்கள். ஒவ்வொருத்தருக்கும் நாலு. அவங்களுக்கும் நாலு. மூணே தலைமுறையில 64 பங்குதாரர். தமிழ்நாட்டுல 1989-லயும் நாடு முழுக்க 2005-லயும் பரம்பரைச் சொத்துல மகள்களுக்கும் சம உரிமை வந்துச்சு. அது நியாயம்தான், ஆனா கையெழுத்துப் போட வேண்டியவங்க எண்ணிக்கை இன்னும் ஏறும். ஒருத்தர் டெக்சாஸ்ல, ஒருத்தர் கோலாலம்பூர்ல, ஒருத்தர் ஃபோனே எடுக்க மாட்டார். 64 பேர்கிட்ட அட்மின் ஆக்சஸ் இருக்கிற ஒரு பழைய சிஸ்டம். யாரும் தனியா எதையும் மாத்த முடியாது, யாருக்கும் முழுப் பொறுப்பும் கிடையாது. ஓடு உடைஞ்சா யார் மாத்துறது? ஒரு மழைக்காலம் ஒழுகினா தேக்கும் இத்துப் போகும்.

ஒத்துப் போன குடும்பங்கள்ல சில, வீட்டைப் பிரிச்சு வித்துச்சு. தூண் தனி, கதவு தனி, ஓடு தனி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழம்பொருள் கடைகள் வரிசையா இருக்கே, அங்க பாதி வீடுகளோட துண்டுகளைப் பார்க்கலாம். உங்க ஊர் ஏதோ ஒரு ரெஸ்டாரன்ட்ல நீங்க சாய்ஞ்சு உட்கார்ந்த தூண், யாரோ ஒருத்தர் வளவுல நின்னதா இருக்கலாம்.

இன்னும் சில குடும்பங்கள் வேற வழி கண்டுபிடிச்சாங்க. காரைக்குடியில ஒரு குடும்பம் 1999-ல 'தி பங்களா'வை விருந்தினர் தங்குற இடமாத் திறந்துச்சு. செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காகவே ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. கானாடுகாத்தான்ல அப்பா ஒருத்தர் தன் மகளுக்குன்னு கட்டின 'விசாலம்' ஹோட்டலாச்சு. கோத்தமங்கலத்துல 'சாரதா விலாஸ்', நம்ம கடியாபட்டியில 'சிதம்பர விலாஸ்'. 2014-ல செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறிச்சு. அப்புறம் டெஸ்டினேஷன் வெட்டிங், டிரோன், ரீல்.

ஆக, இந்த வீடுகள் ஒரு அரை நூற்றாண்டு வேலையில்லாம இருந்து, மறுபடி பழைய வேலைக்கே வந்திருக்கு. வாடிக்கையாளர் மட்டும்தான் புதுசு. 'பாவம்'னு நான் நினைச்சுக்கிட்டுப் போனது தப்புன்னு சொன்னது இதனாலதான்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அன்னைக்கு ஒரு கல்யாணம் முடிஞ்சா அந்த வீட்டுல ஒரு புள்ளி கூடும், ஒரு அறைக்கு ஆள் வரும், ஒரு அடுப்பு எரியும். இன்னைக்குக் கல்யாணம் முடிஞ்சா ஞாயித்துக்கிழமை செக்-அவுட். வீட்டுக்குப் பணம் வருது, ஆள் வர்றதில்ல.

அம்மாச்சி பார்த்த வீடு

இப்ப நாங்க போன வீட்டுக்கு வர்றேன்.

முன்வாசல்ல மேனேஜர் நல்ல மரியாதையா வரவேற்றார். "பாத்து வாங்க பாட்டி, படி உசரம்." அம்மாச்சி படியேறல. தெருவுலயே நின்னு வீட்டை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"இந்த வீடுதானா அம்மாச்சி?"

"தெரியலயேடா. இதோ, பக்கத்து வீடோ. நான் பின்னாடிலேருந்துதான பாத்திருக்கேன். பின்னாடிலேருந்து பாத்தா எல்லா வீடும் ஒண்ணாத்தான் இருக்கும்."

அப்பதான் அம்மா 'வேணாம்'னு சொன்னதோட காரணம் எனக்குப் புரிஞ்சுது.

பத்து வயசுல அவங்க அம்மாவோட பின்தெரு வழியா வருவாங்களாம். மூணாம் கட்டுல மிளகாய் இடிக்கிறது, மாவு ஆட்டுறது, பாத்திரம் விளக்குறது. கூலி நெல்லு, அதோட சாப்பாடு. வளவுக்குப் போனதில்ல. "போகாதன்னு யாரும் சொன்னதில்லடா. போகணும்னு நாங்களும் கேட்டதில்ல"ன்னாங்க. எந்த ஆச்சி மேலயும் அவங்களுக்குக் கோபம் இல்ல. ஒரு ஆச்சி காதுக்குத் தோடு வாங்கிக் குடுத்ததை மூணு தடவை சொன்னாங்க.

உள்ளே கூட்டிட்டுப் போனோம். தங்கச்சி தூண் தூணா போட்டோ எடுத்தா. அம்மாச்சி முகப்பு, வளவு எதையும் பெருசாப் பார்க்கல. மேனேஜர்கிட்ட அவங்க கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, அடுப்படி எங்கிட்டு இருக்கு?"

மூணாம் கட்டு இப்ப போட்டோஷூட் இடம். தரை நடுவுல ஒரு ஆட்டுக்கல்லு, ஒரு உரல். ஆட்டுக்குழியில தண்ணி ஊத்தி ரோஜா இதழ் போட்டிருந்தாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துல உட்கார்ந்து மாவாட்டுற மாதிரி படம் எடுப்பாங்களாம்.

அம்மாச்சி அதைச் சுத்தி வந்து பார்த்தாங்க. எனக்குக் கொஞ்சம் பயம், அழுதுருவாங்களோன்னு. அவங்க சிரிச்சிட்டாங்க.

"நடுவுல போட்டா எப்புடிடா ஆட்டுறது? செவுத்த ஒட்டிப் போடணும். முதுகு சாய்க்க வேணாமா?"

மேனேஜர் சீரியஸா, "சொல்லிடுறேன் பாட்டி"ன்னார்.

அப்புறம் வாடகை பேசினோம். ரெண்டு நாளுக்கு அவங்க சொன்ன தொகை, கிட்டத்தட்ட என் ஒரு வருஷ இ.எம்.ஐ. சமையல், அலங்காரம் எல்லாம் தனி. ஏமாத்துறாங்கன்னு சொல்ல மாட்டேன். அந்த மர வேலையைப் பராமரிக்க எவ்வளவு ஆகும்னு கொஞ்சம் விசாரிச்சேன், அந்தத் தொகைக்கு அர்த்தம் இருக்கு. ஆனா எங்களால முடியாது. தங்கச்சி முகம் வாடிச்சு, திருச்சி வரும்போது சரியாயிட்டா. அவ கல்யாணம் போன வைகாசியில விராலிமலையில, மலையடிவாரத்து மண்டபத்துல நடந்துச்சு. மயில் ரெண்டு இலவசமா வந்து போட்டோவுல நின்னுச்சு.

ஒரு தலைமுறைக்கு முன்னாடி அந்த முன்வாசலைத் தாண்டப் பொறப்பு பார்த்தாங்க, சொந்தம் பார்த்தாங்க. இப்ப அட்வான்ஸ் கட்டினா யார் வேணா தாண்டலாம். இது முன்னேற்றம்னுதான் நான் நினைக்கிறேன். எங்களை அன்னைக்குத் தடுத்தது விலை மட்டும்தான். ஆனா விலையும் ஒரு வாசல்தான். நாங்க பேசிட்டு இருந்த நேரத்துல, அடுத்த வாரக் கல்யாணத்துக்குப் பாத்திரம் இறக்க ஒரு கேட்டரிங் வண்டி வந்துச்சு. அது பின்தெருவுலதான் வந்து நின்னுச்சு. அதுலேருந்து இறங்கின பெண்கள் ரெண்டு பேரு அம்மாச்சி ஊர்ப் பக்கத்துக்காரங்க. அம்மாச்சி அவங்களோட பத்து நிமிஷம் பேசினாங்க.

கிளம்புறப்போ அம்மாச்சியைக் காணோம். தேடிக்கிட்டே மூணாம் கட்டு வரைக்கும் போய், பின்வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கதவும் திறந்திருந்துச்சு. அம்மாச்சி கார்ல வரும்போது ஒண்ணு சொல்லியிருந்தாங்க. மாவாட்டிக்கிட்டே நிமிர்ந்து பார்த்தா, வாசலுக்கு வாசலுக்கு நடுவுல, தூரத்துல முன்தெரு ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெளிச்சமாத் தெரியும்னு.

தெரிஞ்சுது. அந்தத் தீப்பெட்டிக்குள்ள, திண்ணையில, காலை நீட்டிக்கிட்டு அம்மாச்சி உட்கார்ந்திருந்தாங்க.

இந்த எபிசோட் இவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுலயும் பெரிய வீடுகள்ல வேலை பார்த்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தா, அந்த வீட்டுல அவங்க எந்த வாசல் வழியாப் போனாங்கன்னு ஒரு தடவை கேளுங்க. பதிலை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.